சொல்லாததை எழுதியவள்

"நான் நிறுத்திட்டேன்... உங்க பேனா இன்னும் நிக்கலியே?"

தாரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்டின் டவுனில் ஒரு கல்லூரி வாசலில் மழைக்கு ஒதுங்கியவளை, தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் வரவில்லை என்று அங்கே தேர்வை நடத்திய மௌரீன் மேடம் கையோடு உள்ளே அழைத்து வந்திருந்தார். பக்கத்தில் பார்வையற்ற மாணவன் உத்தமன். எம்.ஏ. வரலாறு. அவன் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், அவ்வளவுதான். அவன் இரண்டு காரணம் சொன்னான். மூன்றாவது இவளுக்குத் தெரிந்திருந்தது... கை சும்மா இருக்குமா?

"ஒரு பாயிண்ட் விட்டுட்டீங்க. அதான்..."

"அடிச்சிடுங்க."

"மார்க் போயிடுமே."

"போகட்டும். நாளைக்கு நான் லெக்சரர் ஆனா, யாரோ எழுதிக் கொடுத்து பாஸானவன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

நல்லது செய்யப் போய் இதுவா... திமிர் பிடித்தவன். முகம் சிவக்க அந்த வரியை அடித்தாள். ஆனால் வெளியே வந்ததும், "அடுத்த பேப்பருக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டதும் அவள்தான். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே புரியவில்லை.

இரண்டாவது பேப்பர்... மூன்றாவது பேப்பர்... யோசிக்கும்போது அவன் இமைகள் படபடக்கும். பதில் சிக்கியதும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காக அவள் காத்திருக்கத் தொடங்கியிருந்தாள்.

அன்று பஸ் ஸ்டாப்பிலும் மழை.

"ஒண்ணு கேக்கட்டுமா... உங்களுக்குக் கனவுல என்ன வரும்?"

"குரல்தான். நேத்து ஒரு திருப்பத்தூர் குரல் வந்துச்சு."

தாரணியின் ஊர் திருப்பத்தூர். அவள் துப்பட்டாவைப் பிழிந்தாள்.

"சும்மா கேக்கறேன், உங்க கையெழுத்து எப்படி இருக்கும்?"

"கோழி கிளறின மாதிரி."

"போச்சு... மூணு பேப்பரும் போச்சு."

இருவரும் சிரித்தார்கள். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

"நாளைக்குக் கடைசி பேப்பர். நீங்க வர வேணாம்."

"இன்னும் கோவமா?"

"இல்ல... வேண்டியவங்க எழுதக் கூடாதுன்னு ரூல் இருக்கு. நீங்க எனக்கு வேண்டியவங்களா ஆயிட்டீங்க. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லன்னா, தாராளமா வந்து எழுதுங்க. நான் இதப் பத்தி மறுபடி பேச மாட்டேன்."

மழைச் சத்தம் மட்டும்தான் அவனுக்குக் கேட்டது. சொல்லியிருக்கவே கூடாதோ...

பக்கத்தில் அவள் ஆபீஸ் தோழிக்குப் போன் போட்டாள்.

"மமதா, நாளைக்கு ஃப்ரீயா? இங்க ஒருத்தருக்கு எக்ஸாம் எழுதிக் கொடுக்கணும்... இல்லப்பா, நான் எழுதக் கூடாது... ரூல்."