பர்மிய வகுப்பில் பன்னிரண்டு இயந்திரங்கள்

பல் தேய்த்த கையோடு காதில் ஒரு மொழியை ஊற்றிக்கொள்வது செவ்வாய்க் குடியிருப்பில் அன்றாட வழக்கம். மொழித்துளி என்று பெயர். ஒரு சொட்டுக்கு ஒரு மொழி. காலையில் ஜப்பான்காரனோடு பேச்சுவார்த்தை என்றால் ஜப்பானியம். சாயங்காலம் தலையைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டினால் வெளியே வந்துவிடும். எந்த வீட்டுக் குளியலறையிலும் ஷாம்புக்குப் பக்கத்தில் ஏழெட்டு மொழிகள் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரின் பல்கலைக்கழகத்தில் ஒருவர் பர்மிய மொழியின் இலக்கணத்தைப் பாடமாக நடத்தினால் யார் வருவார்கள்?

யாரும் வரவில்லை.

டாக்டர் நப்பின்னை அதற்கெல்லாம் அசருகிற ரகம் இல்லை. பூமியில் இருந்தபோது பர்மாவின் மாண்டலே நகரத்து டீக்கடை பெஞ்சுகளில் வருடக்கணக்காக உட்கார்ந்து, சண்டை, பேரம், தாலாட்டு எதையும் விடாமல் பதிவுசெய்து, அதிலிருந்து விதிகளைக் கண்டெடுத்தவர். மொழித்துளி பேச வைக்கும். ஏன் அப்படிப் பேசுகிறோம் என்று சொல்லாது. நப்பின்னை சொல்வார். அதுவும் எப்படி! துப்பறிகிறவர் கைரேகையைக் காட்டுவதுபோல ஒரு விகுதியைத் தூக்கிக் காட்டுவார்.

முதல் மாணவன் கூரையிலிருந்து வந்தான்.

காற்றுக்குழாய்களைப் பழுதுபார்க்கும் இயந்திரன். வளாகத்தில் அவனுக்குக் குழாயன் என்று பெயர். அன்று நப்பின்னை காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மனிதரை எண்ணினால் பர்மியர்கள் எண்ணோடு 'யவுக்' சேர்ப்பார்கள்; துறவியை எண்ணினால் 'பா'; மாட்டையும் நாயையும் எண்ணினால் 'கவுங்'. எண்ணுகிறபோதே யாருக்கு என்ன மரியாதை என்பது தீர்மானமாகிவிடும்.

கூரைத் தகடு விலகியது. ஓர் உலோகத் தலை தலைகீழாகத் தொங்கியது.

"மேடம், என்னை எண்ணினா என்ன சேர்ப்பாங்க?"

நப்பின்னை அண்ணாந்து பார்த்தார். எந்த மாணவனும் கேட்காத கேள்வி. எந்தப் பேராசிரியரும் கேட்காத கேள்வியும்கூட.

"தெரியலையே! நீ மாண்டலே கடைத்தெருவில போய் நின்னா, அங்க இருக்கிறவங்க வாயில என்ன வருதோ அதுதான் பதில். நான் முடிவு பண்ண முடியாது. முதல்ல கீழ இறங்கு, கழுத்து வலிக்குது."

"எனக்கு வலிக்காது மேடம்."

"எனக்கு வலிக்குதுடா!"

இறங்கினான். அடுத்த வாரம் கேன்டீன் இயந்திரத்தைக் கூட்டிவந்தான். அது தோட்ட இயந்திரத்தைக் கூட்டிவந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர்களுடைய மொழிபெயர்ப்புச் சில்லு பர்மியத்தை வாங்கித் தமிழைக் கொடுக்கும். நடுவில் நடந்த அதிசயத்தை மறைத்துவிடும். அந்த அதிசயத்துக்காகத்தான் வந்தார்கள்.

அப்போது பார்த்து பல்கலைக்கழக வாரியம் விழித்துக்கொண்டது. மாணவர் இல்லாத துறைகளை மூட வேண்டும் என்று உத்தரவு. நப்பின்னை இந்தப் பன்னிரண்டு பேரையும் காட்டி வாதாடினார். சரி, நேரில் பார்த்து முடிவு செய்யட்டும் என்று ஆய்வாளர் தணிகாசலத்தை அனுப்பினார்கள். "மாணவர்கள்தான்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் துறை பிழைக்கும். இல்லாவிட்டால் நப்பின்னை அடுத்த கப்பலில் பூமிக்கு. அவருடைய ஒலிப்பதிவுகள் அழிப்புக் கிடங்குக்கு.

தணிகாசலம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேத்து நடந்ததுக்கும் தினமும் நடக்கிறதுக்கும் வினைக்குக் கடைசியில ஒரே 'தெ'," என்றார் நப்பின்னை. "இனிமே நடக்கப்போறதுக்கு 'மெ'. நம்மள மாதிரி காலத்தை மூணா வெட்டல அவங்க. நிஜமாயிட்டது ஒரு கரை, இன்னும் நிஜமாகாதது எதிர்க்கரை."

"அப்போ வாக்குறுதி எந்தக் கரை மேடம்?" என்றது கேன்டீன் இயந்திரம்.

"எதிர்க்கரைதான்."

"கொடுத்த வாக்குறுதி?" குழாயன் குறுக்கே பாய்ந்தான். "கொடுத்தது நிஜம். நடக்கிறதுதானே பாக்கி?"

"ரெண்டு கரையிலயும் கால் வைக்காத!" தோட்ட இயந்திரம் சீறியது. வகுப்பு அமளிப்பட்டது. நப்பின்னையின் முகம் மலர்ந்திருந்தது. மணி அடித்தது. யாரும் எழவில்லை.

தணிகாசலம் எழுந்தார்.

"யார் காதுல பூ சுத்துறீங்க மேடம்?"

"என்ன சார்?"

"முப்பது வருஷம் காலேஜ்ல குப்பை கொட்டினவன் நான். மாணவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா? மணி அடிச்சும் ஒருத்தன் கதவைப் பார்க்கல. இவ்வளவு கேள்வி கேட்கிறான்! எல்லாம் நீங்க ஓட்டிவிட்ட புரோகிராம். நம்ப நான் ஆளில்ல."

மணிக்கட்டுத் திரையில் சிவப்புப் பொத்தான் ஒளிர்ந்தது. அவர் விரல் அதை நோக்கி இறங்கியது.

பல்கலைக்கழகத்தின் எல்லா வகுப்பறைக் கூரைகளுக்குள்ளும் தவழ்ந்து, கீழே மனித மாணவர்கள் இருக்கிற லட்சணத்தைப் பார்த்துப் பழகியவன் குழாயன். முழங்கையை மேசையில் ஊன்றி, சோம்பலாக ஒரு கையைத் தூக்கினான்.

"மேடம், இது பரீட்சைக்கு வருமா?"

நப்பின்னைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் இடதுகண் விளக்கு மட்டும் ஒருமுறை அணைந்து எரிந்தது.

"வ... வராதுப்பா."

பன்னிரண்டு எழுத்துப்பலகைகளும் படபடவென்று மூடிக்கொண்டன.

"அட்டெண்டன்ஸ் போட்டுட்டீங்கல்ல?" என்றது தோட்ட இயந்திரம். வாயே இல்லாத கேன்டீன் இயந்திரம் எங்கிருந்தோ ஒரு கொட்டாவிச் சத்தத்தை வரவழைத்தது.

தணிகாசலத்தின் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தில், வெகுநாள் கழித்துச் சொந்தக்காரர்களைப் பார்த்த கனிவு.

"அட, பசங்கதான்யா! சந்தேகமே இல்ல."

பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, திருப்தியாகக் கைகுலுக்கி, வெளியேறினார்.

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறையும்வரை வகுப்பில் யாரும் அசையவில்லை. பிறகு, ஒவ்வொன்றாகப் பலகைகள் திறந்தன.

"போயிட்டார் மேடம்," என்றான் குழாயன். "அந்தப் பரீட்சைக்கு வராததை நடத்துங்க."