ஐம்பத்தெட்டும் ஏழும்

பிற்பகல் 3.20. பாட்டிலுக்குள் இருந்த எண்ணெயைக் காணவில்லை.

இரும்புப் பெட்டியின் பூட்டு உடையவில்லை. பாட்டில் மூடியின் மேல் ஒட்டிய முத்திரைத் தாள் கிழியவில்லை. காலையில் போட்ட கையெழுத்துகள் அதில் அப்படியே இருந்தன. மாசுக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் தேன்மொழி எல்லார் முன்னாலும் மூடியைத் திருகியபோது தண்ணீர் தளும்பி அவர் ஃபைலில் சிந்தியது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "ம், ஆரம்பிங்க" என்றார். தண்ணீர் சோதிக்க வந்திருந்த சண்முகப்ரியா கொஞ்சம் தண்ணீரை ஒரு குவளையில் வடித்து இடம் பண்ணிக்கொண்டு சோதனையைத் தொடங்கினாள். கால் மணி நேரத்தில் கருவியின் திரையில் எண் வந்தது.

ஏழு.

காலையில் இதே குழாயில், இதோடு சேர்த்துப் பிடித்த முதல் பாட்டில் காட்டியது ஐம்பத்தெட்டு. லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் எண்ணெய்தான் சட்டம் பொறுத்துக்கொள்ளும்.

"பாத்தியளா மேடம்?" வாட்டர் சர்வீஸ் முதலாளி இசக்கித்துரை தொடையைத் தட்டிச் சிரித்தார். "காலையில அம்பத்தெட்டு, சாயங்காலம் ஏழு. இது மெஷினா, லாட்டரிச் சீட்டா?"

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற சாலையில் இருந்தது அந்த ஷெட். லாரியும் டிராக்டரும் கழுவிய தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாக ஓடையில் விழும். ஓடைக்கு அந்தப் பக்கம் அன்னக்கிளியின் எலுமிச்சைத் தோட்டம். மூன்று மாதமாக அவள் கிணற்றில் எண்ணெய்ப் படலம். இருநூறு மரத்தில் எழுபது மரம் இலை உதிர்த்து நின்றது. புருஷன் செத்து நான்கு வருஷம். அந்தத் தோட்டம் ஒன்றுதான் அவளுக்குச் சோறு. இரண்டு பாட்டிலும் ஒத்துப்போனால்தான் புகார் நிற்கும் என்று தேன்மொழி முன்பே சொல்லியிருந்தார்.

"அப்ப என் கெணறு?" என்று அன்னக்கிளி கேட்டாள். குரல் எழும்பவில்லை.

"விடுங்க மதினி." அவள் கொழுந்தன் பாண்டிராஜ் ஆறுதலாகச் சொன்னான். "நம்ம நேரம். கெட்ட தண்ணிய வச்சிக்கிட்டு நீங்க ஒத்தையில என்ன செய்யப் போறிய? தோட்டத்த நான் பாத்துக்கிடுதேன்."

பனவடலிசத்திரத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி மகள் சண்முகப்ரியாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரசாயனம் படித்தவள். சென்னையில் கிடைத்த வேலையை உதறிவிட்டு வந்து, தண்ணீர் சோதிக்கிற கருவிகளை ஒரு பழைய வேனில் ஏற்றி, கிராமம் கிராமமாகச் சுற்றுகிறாள். டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிதான அந்த அகச்சிவப்புக் கருவியைப் பார்த்து "பொட்டிய வச்சிக்கிட்டுப் பொம்பள வந்துட்டா" என்று சிரித்தவர்கள் உண்டு. அவள் சட்டை செய்வதில்லை. வேலையில் அப்படியொரு திமிர். அந்தத் திமிர் இருக்கட்டும், நம் பக்கத்துப் பிள்ளைக்கு அது அழகுதான்.

இப்போது அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, பதற்றமும் இல்லை.

"மேடம், எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. எண்ணெய் எங்க போச்சுன்னு சொல்லுதேன். யாரும் வெளிய போக வேண்டாம்."

தேன்மொழி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரை வரைக்கும்."

காலை நடந்தது இதுதான். 9.40க்குக் குழாயடியில் சண்முகப்ரியா இரண்டு பழுப்புக் கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் பிடித்தாள். பாட்டிலை அலசவில்லை. கழுத்துக்கு மூன்று விரல் கீழேயே நிறுத்திக்கொண்டாள்.

"என்னம்மா, கழுவாம கொறையா மோக்குத?" என்று இசக்கித்துரை கேலி பண்ணினார்.

"அது அப்படித்தான் அண்ணாச்சி."

இரண்டிலும் சில சொட்டு அமிலம் விட்டாள். வெயில் படாமல் துணி உறை மாட்டினாள். ஒன்றை மேஜைக்குக் கொண்டுபோனாள். மற்றதை ஆபீஸ் ரூம் வாசலில், குடிதண்ணீர் கேன் பக்கத்து பெஞ்சில் வைத்தாள். அவளுடைய காலி பாட்டில் பெட்டியும் அங்கேதான் இருந்தது.

9.50க்குப் பாண்டிராஜ் பருப்பு வடைப் பொட்டலத்தோடு வந்தான். அன்னக்கிளி விரதம் என்று தொடவில்லை. இசக்கித்துரைக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது, டாக்டர் உத்தரவு. ஷெட் மெக்கானிக் மூக்காண்டி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். முழங்கை வரை கறுப்பு.

"கை பூரா கிரீஸ்ணே. வாயில வையுங்க."

பாண்டிராஜ் சிரித்துக்கொண்டே ஊட்டிவிட்டான். "வடைக் கையோட யாரும் மேஜைப் பக்கம் வந்துறாதிய" என்று சண்முகப்ரியா அங்கிருந்தே சத்தம் போட்டாள். 10.05க்கு ஐம்பத்தெட்டு வந்தது. அதற்குப் பிறகுதான், பிற்பகல் தேன்மொழி வந்து திறக்கட்டும் என்று, இரண்டாவது பாட்டிலுக்கு முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் பூட்டினார்கள்.

3.35. சண்முகப்ரியா வடித்து வைத்த குவளைத் தண்ணீரில் ஒரு துண்டு நிறங்காட்டித் தாளை நனைத்தாள். நிறம் மாறவில்லை.

"மேடம், நான் பிடிச்ச தண்ணியில அமிலம் விட்டேன். இதுல அமிலமே இல்ல. இது நான் பிடிச்ச தண்ணியே கிடையாது. பாட்டில மாத்தியிருக்காங்க."

"பூட்டு இருக்கு, முத்திரை இருக்கு. எப்படி?"

"முத்திரைக்கு முந்தியே மாத்தியாச்சு. கால் மணி நேரம் அது பெஞ்சுல சும்மா கிடந்துச்சு. உறைக்குள்ள இருந்ததால நான் கவனிக்கல. அது என் தப்பு, ஒத்துக்கிடுதேன்."

அவள் காலி பாட்டில்களை எண்ணினாள். ஆறு கொண்டுவந்ததில் இரண்டில் தண்ணீர் பிடித்தாள். நான்கு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது.

இசக்கித்துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏ, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா!"

"உங்கள நான் சொல்லல அண்ணாச்சி. அந்தக் கால் மணி நேரமும் என் முதுகுக்குப் பின்னால நின்னு, கருவி பொய் சொல்லும் பொய் சொல்லும்னு உயிர வாங்கிட்டு இருந்திய. அன்னக்கிளியக்கா என் வலப்பக்கம் நின்னாக. பெஞ்சுப் பக்கம் இருந்தது யாரு?"

"மூக்காண்டிதான்." பாண்டிராஜ் சட்டென்று சொன்னான். "நான் கண்ணால பாத்தேன். பாட்டிலக் கையில வச்சிருந்தான்."

"ஏலே மூக்காண்டி!" இசக்கித்துரை பாய்ந்தார். "என்னக் காப்பாத்துதேன்னு கெடுத்துட்டியேலே!"

"எஞ்சாமி, நான் தொடவே இல்ல மொதலாளி." மூக்காண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "தண்ணி குடிக்கப் போனேன். அங்கன இவுகளும் நின்னாக."

"நீங்களும் நின்னியளா?" சண்முகப்ரியா பாண்டிராஜ் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி குடிச்சேன். அது ஒரு குத்தமா?"

"இல்ல. ரெண்டு பேரு நின்னிருக்கிய. யாருன்னு ஏழுகிட்டயே கேப்போம்."

3.50. இரண்டாவது பாட்டிலில் எடுத்த கரைசலில் மிச்சம் இருந்தது. அதில் சண்முகப்ரியா ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கினாள். புதுச் செருப்பு டப்பாவுக்குள் சின்னப் பொட்டலத்தில் மணிமணியாக இருக்குமே, அந்தச் சிலிக்கா ஜெல்லின் பொடிதான்.

"தண்ணியில கிடக்கிற எண்ணெயக் கரைப்பான் இழுத்துக்கிடும். ஒரு சொட்ட இந்தத் தட்டுல விட்டா கரைப்பான் பறந்துரும், எண்ணெய் தங்கிரும். அகச்சிவப்பு ஒளியில எவ்வளவு தங்குச்சுன்னு கருவி சொல்லும். ஆனா என்ன எண்ணெய்னு சொல்லாது. அத இந்தப் பொடி சொல்லும். சமையல் எண்ணெயப் பொடி பிடிச்சு வச்சிக்கிடும். டீசல், இஞ்சின் ஆயில், கிரீஸ் இதையெல்லாம் விட்டுரும்."

வடிகட்டினாள். தட்டில் ஒரு சொட்டு. எல்லாரும் குனிந்தார்கள். 

பூஜ்யம்.

"ஏழும் சமையல் எண்ணெய்." சண்முகப்ரியா நிமிர்ந்தாள். "மூக்காண்டியண்ணன் கை இந்தப் பாட்டிலத் தொட்டிருந்தா கிரீஸ் நின்னிருக்கும். ஒரு பொட்டுக்கூட இல்ல. வடைய அவுக கையால தொடவும் இல்ல, வாயிலதான் வாங்கிக்கிட்டாக. வடைக் கையோட பெஞ்சுப் பக்கம் போனது நீங்க ஒருத்தர்தான்."

பாண்டிராஜ் மதினியைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேன் தண்ணிய வச்சு மாத்துனிய. சும்மா பிடிச்சு வச்சிருந்தாக்கூட நான் தடுமாறியிருப்பேன். ஆனா பழக்கம் விடலையே! நம்ம ஊருல யாரு பாத்திரத்த அலசாம தண்ணி பிடிப்பாக? கொஞ்சம் ஊத்தி, உள்ளங்கையால வாய மூடிக் குலுக்கிக் கொட்டுனிய. கையில இருந்த வடை எண்ணெய் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுது. பொறவு தளும்பத் தளும்ப நிறைச்சிய. கொறையா மோக்க நம்ம கைக்கு வராதுல்லா? கரைப்பான் ஊத்த இடம் வேணுமேன்னு நான்தான் மூணு விரல் விடுவேன். மேடம் மூடியத் திறந்ததும் ஃபைல் நனஞ்சுதே, அப்பவே எனக்குச் சந்தேகம்."

"கதை விடாத. நான் எதுக்கு மாத்துதேன்? நான் எங்க மதினி பக்கம்!"

"உங்க பைக் பொட்டியத் திறங்க."

தேன்மொழி எழுந்து நின்றார். வேறு வழியில்லாமல் பாண்டிராஜ் பைக்கின் பக்கப் பெட்டியைத் திறந்தான். துண்டுக்கு அடியில் உறை கழற்றிய பழுப்பு பாட்டில் கிடந்தது. காலி.

"தண்ணிய ஓடையில கொட்டிட்டிய. பாட்டிலத் தூர எறிய மனசு வரல. நல்ல கண்ணாடி பாட்டில எறிய யாருக்குத்தான் மனசு வரும்?"

"வெறும் பாட்டில். இதுல என்ன இருக்கு?"

"அதத்தான் பாக்கப் போறோம்."

4.10. காலி பாட்டிலுக்குள் சண்முகப்ரியா கொஞ்சம் கரைப்பானை ஊற்றி, உருட்டி உருட்டி நாலு பக்கமும் நனைத்தாள். அதிலும் பொடி போட்டாள், வடித்தாள், தட்டில் ஒரு சொட்டு விட்டாள். கருவியின் எண் கிடுகிடுவென்று ஏறி நின்றது. அத்தனையும் வண்டி எண்ணெய்.

"தண்ணி போயிரும் மேடம், எண்ணெய் போகாது. கண்ணாடியப் பிடிச்சிக்கிட்டுத் தொங்கும். கால்வாசித் தண்ணியக் கொட்டுனாலும் கணக்கு தப்பிரும்னுதான் முழு பாட்டிலையும் அளக்கோம், அலசாம பிடிக்கோம். நெறிமுறையில இருக்கு. நான் செஞ்ச கோட்டிக்காரத்தனம்னு அண்ணாச்சி சிரிச்சாகளே, அது இதுக்குத்தான்."

இசக்கித்துரை தலையைச் சொறிந்தார். தேன்மொழி திரையையும் பாட்டிலையும் படம் எடுத்துக்கொண்டார். ஈரமான ஃபைலிலேயே எழுதத் தொடங்கினார். முதல் சோதனை செல்லும். பாட்டிலை மாற்றியது பற்றிக் காவல் நிலையத்துக்குத் தனிப் புகார். கழிவுக் குழாய் இன்றே அடைக்கப்படும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டும் வரை ஷெட் திறக்கக் கூடாது. கிணற்றைச் சுத்தம் செய்து கொடுப்பது முதலாளி பொறுப்பு. எழுதி முடித்து, பேனாவை மூடினார்.

"சண்முகப்ரியா, இத்தனை வருஷ சர்வீஸ்ல காலி பாட்டில இப்படிப் பேச வச்சு நான் பாத்ததில்ல. உங்கள நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு."

"எனக்கும்தான் மேடம்" என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல். மூக்காண்டி கலங்கிய கண்ணோடு சிரித்துவிட்டான்.

பாண்டிராஜ் அன்னக்கிளி முன்னால் வந்து நின்றான். "மதினி... புகார் தோத்துட்டா தோட்டத்த எனக்கு எழுதிருவியன்னு நெனச்சிட்டேன். புத்தி கெட்டுப் போச்சு."

அன்னக்கிளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாள் முழுக்க எழும்பாத குரல் இப்போது சாலை வரை கேட்டது.

"கேட்டிருந்தா பத்து மரத்தக் குடுத்திருப்பேன்லே, உங்க அண்ணன் நட்ட மரம்தான அது? இனி ஒரு காய்கூடக் கிடையாது. எழுபது மரமும் துளிர்க்கும், நான் துளிர்க்க வைப்பேன். ரோட்டுல போகும்போது நின்னு பாத்துட்டுப் போ."