வாய் நிறையத் தண்ணீர்

மூன்றாம் வகுப்பில் எப்போதும் மேகலாதான் முதல் ரேங்க். கடைசி ரேங்கும் அவள்தான். அந்த வகுப்பில் இருந்ததே அவள் ஒருத்திதான்!

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டு ஓரத்தில் இருந்தது அந்தப் பள்ளி. அறை ஒன்று, வகுப்பு ஐந்து. அவரவர் பாட அட்டையை அவரவரே எடுத்து, பாயில் உட்கார்ந்து, தானே செய்து பார்த்துப் படிக்க வேண்டும். திணறினால் மட்டும் அமலோற்பவமேரி டீச்சர் பக்கத்தில் வந்து உட்காருவார். கரும்பலகைகூடப் பிள்ளைகளின் உயரத்தில், சுவர் நீளத்துக்கும் ஓடியது.

மேகலாவுக்கு ஒரே ஒரு குறைதான். 'நண்பரோடு சேர்ந்து செய்' என்ற அட்டை வந்தால், அவள் தன் நிழலோடுதான் சேர வேண்டும். நிழலோ ஒரு கணக்கும் போடாது.

அதனால் லியோ பிரபு மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்த திங்கட்கிழமை, அவள் குதித்த குதியில் நாலு முந்திரிப்பழம் மரத்திலிருந்து விழுந்தது.

லியோ டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தான், உட்கார்ந்தான், உட்கார்ந்துகொண்டே இருந்தான்.

"அட்டையை எடுடா," என்றாள் மேகலா.

எடுத்தான்.

"படி."

படித்தான். தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தும்மலாமா?" என்று கேட்டான்!

மேகலாவுக்கு ஒரே கொண்டாட்டம். மகாராணி மாதிரி உத்தரவு போட்டாள். அவன் யோசிக்கத் தொடங்கும் முன்பே விடையும் சொன்னாள். மூன்று நாளில் மூன்று லட்சம் விடை சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை மாலை லியோவின் அப்பா ஞானமுத்து வந்தார். கொத்தனார் அவர். சட்டையெல்லாம் சிமென்ட்.

"என்னடா படிச்ச? எட்டும் ஏழும் எவ்வளவு?"

லியோ மேகலாவைப் பார்த்தான்.

"பதினஞ்சு மாமா!" என்றாள் மேகலா.

"நீ படிச்சது தெரியுது பாப்பா. இவன் என்ன படிச்சான்?" அவர் டீச்சரிடம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை வரேங்க. இவனா யோசிச்சு ஒரு பதில் சொல்லலன்னா, பழைய பள்ளிக்கூடத்துக்கே பஸ் ஏத்திடுறேன்."

மேகலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுபடியும் நிழலோடுதானா?

வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தாள். முடியவில்லை. லியோ ஒரு பார்வை பார்த்தால் போதும், விடை அவள் வாயிலிருந்து தானாகக் குதித்துவிடும்.

வெள்ளிக்கிழமை அப்பா வந்து வாசலில் நின்றார். லியோவின் கையில் இருந்த அட்டை: 'கரும்பலகையைச் சாண் போட்டு அளந்து பார். உன் நண்பரும் அளக்கட்டும்.'

மேகலா விரலை விரித்து முதலில் அளந்தாள். இருபத்து நான்கு சாண். சிலேட்டில் எழுதினாள். உடனே குழாயடிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் இரு கன்னமும் இரண்டு பூசணிக்காய்! வாய் நிறையத் தண்ணீர்.

லியோவும் அளந்து எழுதினான். இருபத்தொன்று.

"உனக்கு இருபத்திநாலு. எனக்கு இருபத்தொண்ணு. நான் தப்பா?"

"ம்ம்," என்றாள் மேகலா. ஒரு சொட்டு மூக்கு வழியாக எட்டிப் பார்த்தது.

"மாத்தி எழுதிடவா?"

"ம்ம்!"

எழுதச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா? ஒன்றும் புரியவில்லை. டீச்சரைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஒன்றாம் வகுப்புக் குட்டிகளோடு புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. மறுபடி அளந்தான். இருபத்தொன்று. இன்னொரு முறை. அதே இருபத்தொன்று!

எச்சில் தொட்டுத் தான் எழுதியதை அழிக்கப் போனவன், சட்டென்று நின்றான். தன் கையைப் பார்த்தான். மேகலாவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்தான். அவன் விரல் ஒரு கணு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏய்! உன் கை குட்டிக் கை! அதான் உனக்கு நெறைய சாண் வருது! ரெண்டுமே சரி!"

மேகலாவின் கண்கள் வெளியே விழுந்துவிடும் போலிருந்தன. ஆனாலும் தண்ணீரை விடவில்லை.

லியோ வாசலைப் பார்த்துக் கத்தினான். "அப்பா, வாங்க! நீங்க அளங்க. உங்க கை பெருசு. இருபத்தொண்ணுக்குக் கம்மியாத்தான் வரும், பாருங்க!"

ஞானமுத்து முட்டி போட்டு அளந்தார். பதினைந்து சாண்.

"சொன்னேன்ல!" என்று குதித்தான் லியோ. "எல்லாருக்கும் ஒண்ணா வரணும்னா உங்க டேப்புதான் வேணும்." யாரிடமும் கேட்காமல், அப்பாவின் பையிலிருந்து அளவு நாடாவை அவனே உருவினான்.

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருடா சொல்லிக்குடுத்தது? இந்தப் புள்ளையா?"

"அவ எப்புடிப்பா சொல்லுவா? அவ வாயி தண்ணித் தொட்டி!"

அவ்வளவுதான். மேகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புஸ்ஸ்ஸ்! காவிரியே திறந்துவிட்ட மாதிரி ஞானமுத்துவின் சட்டை முழுக்க நனைந்தது.

"நல்லதாப் போச்சு பாப்பா," என்றார் அவர், முகத்தைத் துடைத்தபடி. "சிமென்ட் போட்டா தண்ணி ஊத்தத்தான் வேணும். இவன் இங்கேயே படிக்கட்டும்."

அந்த மாதத் தேர்வில் லியோ முதல் ரேங்க் வாங்கினான். மேகலா முந்திரிக்காடு அதிர வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா! அம்மா! நான் ரெண்டாவது ரேங்க்! எனக்கு முன்னாடி ஒருத்தன் இருக்கான்!"