வரிசையில் ஓர் இடம்

வெள்ளகோவிலைத் தாண்டி வேன் கிளைச்சாலையில் திரும்பியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, அதற்குள் செம்மறியாடுகள், தொலைவில் சோம்பேறித்தனமாகச் சுற்றும் காற்றாலைகள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கரோலின் ஒன்று விடாமல் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். திருப்பூரில் பனியன் ஆர்டர் கொடுக்க ஐரோப்பாவிலிருந்து வந்தவள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு. சரக்கு வாங்க வந்த பையரை ஹோட்டல் அறையில் அடைத்துவைக்க முடியுமா? கோயில், கிராமம் என்று ஒரு நாள் டூருக்கு முதலாளி ஏற்பாடு செய்துவிட்டார். கூடப் போகிற வேலை, ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் இந்துமதியின் தலையில் விழுந்தது.

இன்றைக்கும் வேலையா என்று மகள் தேஜஸ்ரீ அழுததால் அவளையும் அழைத்து வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இரட்டைச் சடை, தோளில் பெரிய பட்டன் வைத்த கவுன். போன வாரம்தான் முன்பல் விழுந்தது. 'ச' வருகிற இடத்தில் எல்லாம் அந்தச் சந்து வழியாகக் காற்று விசிலடித்தது. "சீக்கிரம் வாம்மா" என்று அவள் சொல்லும்போது டிரைவர்கூடச் சிரித்துவிட்டார்.

கன்னிமார் கோயில் வாசலில் கைடு தனபால் கூலிங்கிளாஸ் போட்டு நின்றிருந்தார். பிரிண்டிங் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். இப்போது வெளிநாட்டு பையர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார். வாயைத் திறந்தால் புளுகு.

"இந்த வெள்வேல மரத்துக்கு ஆயிரம் வயசுங்க. மேடத்துக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க."

"போன தடவ வந்தப்ப ஐந்நூறுன்னு சொன்னீங்களே?" என்றாள் இந்துமதி.

"வருசம் போனா வயசு ஏறுமில்லீங்க."

இந்துமதி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். கரோலின் பயபக்தியோடு மரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

கோயிலுக்குப் பின்புறம் போனதும் தனபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அங்கே சுவரோரம் மண் குழந்தைகள் வரிசையாக நின்றன. சில முழங்கால் உயரம், சில சாண் உயரம். மழையில் மூக்குக் கரைந்தவை, கை உடைந்தவை, புதிதாகச் சுண்ணாம்பு பூசியவை. காற்று வீசியும் அந்த இடத்தில் ஒரு சருகுகூட அசையவில்லை.

"இது பொம்மை இல்லீங்க, உருவாரம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கொழந்தைக்கு ஒடம்புக்கு முடியலீன்னா, என் கொழந்தைய உட்டுரு ஆத்தா, பதிலுக்கு இத வெச்சுக்கன்னு வேண்டி வெக்கிறதுங்க. வெச்சதத் தொடக் கூடாது. போட்டோவும் வேண்டாமுங்க. எடம் காலியாச்சுன்னா சும்மா இருக்காது."

இதுவும் மரத்தின் வயது மாதிரிதான் என்று இந்துமதி நினைத்துக்கொண்டாள்.

கரோலின் ஒரு சின்ன உருவாரத்தின் முன்னால் குந்திவிட்டாள். சாண் உயரப் பெண் குழந்தை. வட்ட முகம், யாரையோ கூப்பிடுவதற்குத் தூக்கிய கை. அடுத்த சீசனில் குழந்தைகளுக்கான டிஷர்ட்டில் இந்த உருவத்தை அச்சிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். இந்துமதிக்கு உள்ளுக்குள் துள்ளியது. மொத்த ஆர்டரும் தன் பெயரில் வரும்.

மற்றவர்கள் முன்னால் நடந்தார்கள். இந்துமதி நின்றாள்.

திருப்பூரில் சாம்பிள் இல்லாமல் ஒரு பேச்சும் நடக்காது. பட்டனோ லேபிளோ துணித்துண்டோ, பையருக்குப் பிடித்தது எதுவானாலும் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது அவளுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. டிசைனரிடம் காட்டிவிட்டு அடுத்த வாரமே திருப்பி வைத்துவிடலாம். அக்கம்பக்கம் பார்த்தாள். எடுத்தாள். சாம்பிள் பைக்குள் போட்டாள்.

மாதக்கணக்கில் மழை காணாத மண் அது. ஆனாலும் உருவாரம் நின்ற இடம் சொதசொதவென்று ஈரமாக இருந்தது.

"அம்மா, அது யாரோட பாப்பா?"

தேஜஸ்ரீ பின்னால் நின்றிருந்தாள்.

"யாரோடதும் இல்ல கண்ணு. வா போலாம்."

மத்தியானச் சாப்பாடு ஊருக்குள் மயிலாள் வீட்டில். டூரில் வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். கரோலினுக்காகக் காரம் குறைத்த அரிசிம்பருப்புச் சோறு ஆவி பறந்தது. இலைகளைப் போட்டுக்கொண்டே வந்த மயிலாள், கையில் ஓர் இலையோடு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, வேன்ல ஒரு பாப்பா உக்காந்திருக்குதுங்களே. அது சாப்புட வல்லீங்களா?"

"பாப்பா இங்கதான் இருக்குதுங்க" என்று இந்துமதி பக்கத்தில் காட்டினாள்.

"இது இல்லீங்க. பையக் கட்டிப் புடிச்சுட்டு ஒன்னு உக்காந்திருக்குது."

இந்துமதி எழுந்து போய்ப் பார்த்தாள். வேனுக்குள் யாரும் இல்லை. சாம்பிள் பை மட்டும் சீட்டில் இருந்தது. அதன் பக்கத்தில், ஒரு குழந்தை உட்கார்ந்து எழுந்த அளவுக்கு, சீட் நனைந்திருந்தது.

ஈர மண் வாசம் மூக்கில் ஏறியது.

டிரைவர் தண்ணீரைக் கொட்டியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். தேஜஸ்ரீயின் இலையில் சோறு அப்படியே இருந்தது.

"சாப்புடு கண்ணு."

காலையிலிருந்து ஓயாமல் பேசிய பிள்ளை கோயிலை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையைத் தொட்டாள். மத்தியான வெயிலில் அந்தக் கை ஜில்லென்று இருந்தது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். விரலில் செம்மண் ஒட்டியது.

காதுக்குப் பின்னால் மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

கீறல் என்று நினைத்துத் தடவினாள்.

கீறல் இல்லை. வெடிப்பு.

தனபாலைத் தனியாக இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வழித்தெடுத்ததுபோல் போய்விட்டது.

"ஐயோ, என்ன வேலைங்க பண்ணிப்போட்டீங்க!"

கரோலினை மயிலாளிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குத் திரும்பினார்கள். தேஜஸ்ரீயை வேனில் ஏற்ற டிரைவரும் தனபாலும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. காலையில் இந்துமதி இடுப்பில் தூக்கி வைத்திருந்த பிள்ளை அது. வழியெல்லாம் அவள் மகளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். தேய்க்கத் தேய்க்க மடியில் தூசி உதிர்ந்தது. கன்னிமாரே, ஆர்டரும் வேண்டாம், வேலையும் வேண்டாம், என் பிள்ளையைக் கொடுத்துவிடு என்று வாய்விட்டு அழுதாள்.

கோயிலில் வெயில் சாய்ந்திருந்தது. மகளை வேனில் படுக்கவைத்துவிட்டு, உருவாரத்தை எடுத்துக்கொண்டு பின்புறம் ஓடினாள்.

வரிசையில் அந்த இடம் காலியாக இல்லை.

புது உருவாரம் ஒன்று நின்றது. ஈரம் காயாத களிமண். இரட்டைச் சடை. கவுனின் தோளில் பெரிய பட்டன். லேசாகத் திறந்த வாய்.

வாய்க்குள் முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்து.

தனபால் கிட்டே வரவில்லை. தூரத்திலிருந்தே கிசுகிசுத்தார்.

"அதத் தொடாதீங்க. பழச வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க."

எடுத்து வந்ததை அந்த ஈர உருவாரத்துக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்தாள். திரும்பினாள். நடந்தாள்.

பின்னாலிருந்து காற்றோடு காற்றாக ஒரு குரல்.

"சீக்கிரம் வாம்மா."

அவள் நின்றுவிட்டாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"மேடம், வேண்டாமுங்க!"

அதே நொடியில் முன்னால், வேனுக்குள்ளிருந்து இன்னொரு குரல்.

"சீக்கிரம் வாம்மா."

இந்துமதி வேனைப் பார்த்து ஓடினாள். தேஜஸ்ரீ சீட்டில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கை கதகதவென்று இருந்தது. காதுக்குப் பின்னால் வெடிப்பைக் காணோம். பசிக்குது, ஐஸ்கிரீம் வேணும் என்றாள். இந்துமதி அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். கரோலினை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் காங்கேயத்தில் நிறுத்தி, கேட்டதற்கு இரண்டாக வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்குக் கும்பிடாத சாமி இல்லை.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று மகளைக் குளியலறைக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

தண்ணீர் செந்நிறமாக ஓடியது.

நேற்றைய புழுதி என்று இன்னொரு சொம்பு ஊற்றினாள். அப்போதும் சிவப்பு. சோப்புப் போட்டாள், தேய்த்தாள், வாளி முழுவதும் ஊற்றித் தீர்த்தாள். சிவப்பு நிற்கவில்லை.

குழந்தை அவளை அண்ணாந்து பார்த்து, கோயிலிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக வாய் திறந்து சிரித்தது.

பற்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

இந்துமதியின் கையிலிருந்து சொம்பு நழுவியது. நேற்று கேட்ட இரண்டு குரல்களும் அவள் காதில் மறுபடியும் ஒலித்தன. வேனிலிருந்து வந்த குரல் தெளிவாக இருந்தது. பின்னாலிருந்து வந்ததில்தான் விசில் இருந்தது. அவள் அதைக் காற்று என்று நினைத்துவிட்டாள்.

ஹாலில் போன் அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் எடுத்தாள். தனபால்.

"மேடம், திரும்பிப் பாக்காதீங்கன்னு சொன்னனே, அத எனக்கு யாரும் சொல்லித் தரலீங்க. பயத்துல வாய்க்கு வந்துருச்சு. ராத்திரி பூரா தூக்கமில்லீங்க. இப்பத்தான் கோயலுக்கு வந்து பாத்தன்." அவர் மூச்சு வாங்கினார். "அந்தப் புது உருவாரம் ஒடம்பெல்லாம் காஞ்சு போச்சுங்க. கண்ணு ரெண்டுல மட்டும் தண்ணி நிக்கவே மாட்டேங்குது."

குளியலறையில் தண்ணீரை யாரோ உள்ளங்கையால் தட்டித் தட்டி விளையாடும் சத்தம். பிறகு அந்தக் குரல், விசில் இல்லாமல்.

"சீக்கிரம் வாம்மா."