ஹலீமா பீயின் மதிப்புரையும் ஒரு கிழிந்த புத்தகமும்

1929ஆம் வருடம், மாசி மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை.

ஆம்பூர் பஜாருக்குப் பின்னாலிருந்த வாசகசாலையைத் திறந்த காவலாளி சத்தார், முகம் கழுவக் கொல்லைத் தொட்டிக்குப் போனார். சொம்பை முக்கி எடுத்தார். தண்ணீரோடு ஒரு காகிதமும் வந்தது. எட்டிப் பார்த்தார். தொட்டி நிறையக் கிழிந்த காகிதம். அடியில் தோல் அட்டை போட்ட புத்தகம் ஒன்று, வயிறு கிழித்த ஆடு மாதிரி கிடந்தது. அட்டையில் பொன்னெழுத்தில் ஆசிரியர் பெயர் இருந்த இடத்தை யாரோ கத்தியால் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

சத்தார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறு புத்தகமாக இருந்தால் தலைமுழுகிவிட்டுப் போயிருக்கலாம். இது ‘தோல் தொழில் சரித்திரம்’. எழுதியவர் ஷபீ அஹமது சாகிப். ஊரிலேயே பெரிய தோல் மண்டியின் முதலாளி. வாசகசாலைக்குத் தலைவரும் அவரே, கட்டடமும் அவருடையதே.

சாகிப் சொல்லியனுப்பி சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் வந்து சேர்வதற்குள் பஜார் தீர்ப்பே எழுதிவிட்டது. குற்றவாளி ஹலீமா பீ.

ஹலீமா பீ யாரென்று சொல்லிவிடுகிறேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவர் போய்ச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நாக்கு மட்டும் சாணை பிடித்தது. அந்த வாசகசாலையில் ஒரு சட்டம் உண்டு. புத்தகம் எடுத்தவர் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு மதிப்புரை எழுதிக் கூடத்துப் பலகையில் குத்த வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த புத்தகம் கிடையாது. மற்றவர்கள் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். ஹலீமா பீக்கு அந்த வழக்கம் இல்லை.

நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு விஞ்ஞான நூலுக்கு அவள் எழுதியது: ‘ஆசிரியர் வானத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வேறொரு புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்.’ மார்க்க நூல் ஒன்றுக்கு: ‘இறைவனின் கருணையைப் பற்றி எழுபது பக்கம். படிக்கிறவர் மேல் கருணை ஒரு பக்கம்கூட இல்லை.’ சித்திரக்கலை நூலுக்கு: ‘படங்கள் அழகு. படத்துக்குக் கீழே விளக்கம் எழுதியவர் அவற்றை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.’

சனிக்கிழமை மதியம் மட்டும் பெண்களுக்கான நேரம். கூடத்தைத் திரை போட்டு இரண்டாக்கி, கொல்லைக் கதவு வழியாக மண்டிக்காரர் வீட்டுப் பெண்களும் பீடி சுற்றுகிற பெண்களும் வருவார்கள். சிலர் அங்கே வந்த பிறகுதான் எழுத்துக் கூட்டவே கற்றார்கள். அந்த நேரத்தை வாங்க ஹலீமா பீ இரண்டு வருடம் வாசல் வாசலாக ஏறி இறங்கியிருந்தாள்.

நேற்று சனிக்கிழமை. அவள் சாகிபின் சரித்திரத்தைப் படித்து முடித்துப் பலகையில் குத்திய மதிப்புரை இது:

‘பத்து அத்தியாயத்தில் ஒன்பது, ஒரு குடும்பத்தின் கல்யாணப் பத்திரிகை. பாட்டனார் குதிரை வாங்கினார், தகப்பனார் கடிகாரம் வாங்கினார். பதனிடும் முறையைச் சொல்கிற மூன்றாம் அத்தியாயம் ஒன்றே சரித்திரம். அதை எழுதத் தெரிந்தவருக்கு மற்றதை எழுத எப்படி மனம் வந்தது? “முதல் வரி முதல் கடைசி வரி வரை தேன்” என்று எழுதியிருக்கும் காரியதரிசி வாஹித் பாஷா சாகிபோடு, ஞாயிறு வாசகர் கூட்டத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பேச விரும்புகிறேன்.’

வில்சன் ஆளனுப்ப, அவள் வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வில்சன் நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நேத்து கடைசியா போனது யாரும்மா?”

“பொம்பளைங்கள்ல நான்தான். கொல்லைக் கதவைப் பூட்டிட்டுப் போனேன்.”

“சாவி?”

“எங்கிட்ட ஒண்ணு, சத்தார் பாய்கிட்ட ஒண்ணு, காரியதரிசிகிட்ட ஒண்ணு.”

“பூட்டு எதுவும் உடையல. அப்போ மூணு பேர்ல ஒருத்தர். புத்தகத்து மேல உங்களுக்குக் கோவம் இல்லியா?”

“இல்ல. பிடிக்கல.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“எப்படி ஒண்ணாவும்? பிடிக்காத புக்கை நான் இன்னாத்துக்குக் கிழிக்கணும்? அது அலமாரில இருந்தாத்தானே நாலு பேர் படிச்சிட்டு, ஹலீமா பீ சொன்னது சரின்னு சொல்லுவாங்க?”

வில்சனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“பேரை வெட்டினதோட விடல. வெட்டின எடத்துல மையையும் ஊத்தியிருக்காங்க. ஓரமெல்லாம் கறுத்துக் கெடக்கு. திரைக்கு உங்க பக்கம் இருக்கற மைக்கூடு பாதி காலி.”

“எழுதினா மை தீராதா? அந்த அட்டையையும் கொஞ்சம் தாளையும் இப்படிக் குடுங்க.”

திரைக்கு அடியில் தள்ளினார். ஹலீமா பீ முதலில் தாள்களைப் பார்த்தாள். ஊறிப் போயிருந்தாலும் வெள்ளை வெளேரென்று இருந்தன. பிறகு அட்டை. சாகிப் தம் மண்டியில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலையே அட்டையாகப் போட்டிருந்தார். நல்ல தேன் நிறம். வெட்டின கோடு நெடுக மட்டும் நீலக் கறுப்பு. அவள் அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. காரியதரிசி வாஹித் பாஷா வந்துவிட்டார். அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் இருந்தவரை சாகிப் தம் ஆபீஸுக்குக் கொண்டுவந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் ராணிப்பேட்டைக் கிளைக்கு அவரே மானேஜர் என்று பேச்சு. இடது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தார்.

“கையில இன்னா?” என்றார் வில்சன்.

“நேத்து சாயங்காலம் கூட்டத்து நோட்டீஸ் எழுதறப்போ மைக்கூடு கவுந்துடுச்சு சார். எவ்ளோ சோப்பு போட்டாலும் போகல. ஒரே பேஜார்.” பிறகு திரையைப் பார்த்து, குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டார். “டீச்சரம்மா, சாகிப் ரொம்ப மனசு ஒடிஞ்சுட்டாரு. சாயங்காலம் கூட்டத்துல மன்னிப்புக் கேட்டு, பலகையில குத்தினதை எடுத்துடுங்க. கேஸு கீஸு ஒண்ணும் வேணாம்ங்கறாரு.”

“எடுக்கலேன்னா?”

“திரையை எடுத்துடுவாங்க. சனிக்கிழமை நேரம் இனிமே கெடையாது. உங்க ஒருத்தருக்காக அத்தனை பொம்பளைங்களும் ஏன் கஷ்டப்படணும்?”

ஹலீமா பீ அட்டையைத் திரைக்கு அடியில் திருப்பித் தள்ளினாள். தன்னை மட்டும் அடித்தால் தாங்கிக்கொள்வாள். இவர்கள் அடிப்பது இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிற விரல்களின் மேல்.

“மன்னிப்புக் கேக்க மாட்டேன். எடுக்கவும் மாட்டேன். சாயங்காலம் வர்றேன்” என்று எழுந்தாள்.

போகிற வழியில் கூடத்துப் பலகை முன் ஒரு நிமிடம் நின்றாள். அவள் மதிப்புரை இருந்தது. பக்கத்தில் கூட்ட நோட்டீஸ், பென்சிலில் எழுதியது.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் கூட்டம். கூடம் கொள்ளவில்லை. வம்பு என்றால் ஊருக்குக் கால் தானாக நடக்கும். திரைக்கு அந்தப் பக்கம், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும், பெண்கள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை.

ஷபீ அஹமது சாகிப் நடுவில் இருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. அவருக்கு வலப்பக்கம் வாஹித் பாஷா, இடப்பக்கம் வில்சன்.

“ஹலீமா பீ, சொல்லுங்க” என்றார் சாகிப்.

“ஒரே ஒரு கேள்வி கேக்க உத்தரவு குடுங்க சாகிப். உங்க புக்கைப் பத்தித்தான். வாஹித் பாஷா சாகிபைக் கேக்கணும்.”

சாகிப் தலையசைத்தார். புத்தகத்தைப் பற்றி யாராவது பேசமாட்டார்களா என்று காத்திருந்தவர்தானே.

“பாஷா சாகிப், மூணாவது அத்தியாயத்துல இரும்பைப் பத்தி எழுதியிருக்காரே. அதைப் பத்தி உங்க அபிப்பிராயம் இன்னா?”

வாஹித் பாஷா ஒரு கணம் விழித்தார். மறுகணம் முகம் மலர்ந்தது.

“அதைச் சொல்லணுமா? அருமையான எடம். இரும்புக் கத்தி இல்லேன்னா தோல் தொழிலே இல்லேன்னு சாகிப் அழகா நிரூபிச்சிருக்காரு. நான் அதை ரெண்டு தடவை படிச்சேன்.”

சாகிப் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

“நான் அப்படியா எழுதினேன்?”

“சாகிப்…”

“சத்தார் பாய்,” என்றாள் ஹலீமா பீ, “நீங்க மண்டில இருந்தவரு. ஆவாரம்பட்டைத் தோல் ஈரமா இருக்கறப்போ அதுமேல இரும்பு பட்டா?”

“கறுத்துடும் டீச்சரம்மா. கிட்டக்கூடக் கொண்டு போக மாட்டோம்.”

“அதான் மூணாவது அத்தியாயம். வாழைக்காய் நறுக்கினா அரிவாள்மணை கறுக்குது பாருங்க, அந்தச் சங்கதிதான். இன்ஸ்பெக்டர் சார், அட்டையில மை ஊத்தல. மைக்கூட்டைக் கவுத்திருந்தா ஊறின தாளெல்லாம் நீலமா இருக்கணும். தாள் வெள்ளையா இருக்கு. கத்தி போன கோடு மட்டும் கறுப்பு. புக்கை ஒருத்தர் கிழிச்சாரு. தாள் வந்துடுச்சு, தோல் வரல. சாகிப் மண்டித் தோல், லேசுல வருமா? தொட்டில ஊறவெச்சு, இடது கையில அழுத்திப் புடிச்சு, வலது கையால இரும்புக் கத்தி போட்டு அறுத்தாரு. தோல் கறுத்துடுச்சு, புடிச்ச கையும் கறுத்துடுச்சு.”

அவள் குரல் உயரவே இல்லை.

“சாவி மூணு பேர்கிட்ட. சத்தார் பாய் மண்டி ஆளு, தூக்கத்துல கூட ஈரத்தோல்ல இரும்பு வெக்க மாட்டாரு. நான் அந்த அத்தியாயத்தைப் படிச்சவ. பலகையில சாட்சி இருக்கு. அப்போ இதைச் செஞ்சவரு தோலையும் அறியாதவரு, புக்கையும் படிக்காதவரு. கையில மை கொட்டிச்சுன்றாரு. நோட்டீஸ் பென்சில்ல எழுதியிருக்கு.”

அத்தனை தலைகளும் பலகைப் பக்கம் திரும்பின. வில்சன் எழுந்தார். “கைக்குட்டையை அவுருங்க. பேனாக்கத்தி வெச்சிருப்பீங்களே, அதையும் எடுங்க.”

உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் அப்பிக் கிடந்தது நீலக் கறுப்பு. கத்தி அலகும் அதே நிறம்.

“ஏன்யா?” என்றார் வில்சன்.

வாஹித் பாஷா தரையைப் பார்த்தார். அவருக்குப் பதிலாக ஹலீமா பீ சொன்னாள்.

“இன்னிக்குப் புக்கைத் திறந்து பேசலாம்னு நான் எழுதிட்டேன். திறந்தா ஒரு பக்கம்கூடப் படிக்கலேன்னு தெரிஞ்சுடும். ராணிப்பேட்டை வேலை போய்டும். புக்கைக் கிழிச்சு, கோவத்துல செஞ்ச மாதிரி சாகிப் பேரையும் வெட்டி, என் தலையில போட்டா, கூட்டம் புக்கை விட்டுட்டு என்னை விசாரிக்கும். அப்படியே திரையும் போய்டும், இனிமே கேள்வி கேக்க ஆளு இருக்காது.”

கிழித்ததைக்கூடச் சாகிப் மன்னித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

“ஒரு அத்தியாயம்கூடப் படிக்கலியா வாஹித்?”

“முகவுரை படிச்சேன் சாகிப்.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். வில்சன் வாஹித் பாஷாவின் தோளில் கை வைத்து வெளியே அழைத்துப் போனார். சாகிப் தொண்டையைச் செருமினார்.

“ஹலீமா பீ, தப்பு எங்க பக்கம். சனிக்கிழமை நேரம் அப்படியே இருக்கும். ஆனா அந்த மதிப்புரை… ஊர் முழுக்கச் சிரிக்குது. அதை மட்டும் எடுத்துட்டா நல்லது.”

“நீங்க அதைப் படிச்சீங்களா சாகிப்?”

“வாஹித் சொன்னான்.”

“அவரு உங்க புக்கைப் பத்திக்கூடத்தான் சொன்னாரு.”

சாகிப் எழுந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. பலகைக்கு முன்னால் நின்று, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். குதிரை வந்த இடத்தில் காது சிவந்தது. அதற்குக் கீழே வந்ததும் விரல் அப்படியே நின்றது.

“மூணாவது அத்தியாயம் நல்லாருக்குன்னு எழுதியிருக்கீங்களே.”

“நல்லாருந்தது, எழுதினேன்.”

“மத்த ஒம்போதும்?”

“நல்லால்ல, எழுதினேன்.”

திரைக்குப் பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“இன்னொரு விஷயம் சாகிப்,” என்றாள் ஹலீமா பீ. “நேத்து அதைக் குத்தினதுலேர்ந்து உங்க புக்கு வேணும்னு இந்தப் பக்கம் ஏகப்பட்ட பேர் கேக்கறாங்க. அவ்ளோ மோசமா இருக்கான்னு பாக்கணுமாம். கிழிஞ்சதுக்குப் பதிலா வீட்லேர்ந்து ஒரு பிரதி அனுப்புங்க. படிச்சிட்டு எல்லாரும் எழுதுவாங்க. நல்லாருந்தாலும் எழுதுவாங்க, நல்லால்லேன்னாலும் எழுதுவாங்க.”

சாகிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதிப்புரையைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. விளக்கேற்றுவதற்குள் அவர் வீட்டு ஆள் ஒரு பிரதிக்கு மூன்று பிரதியாகக் கொண்டுவந்து திரைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனான்.