இரண்டு நாட்டிலும் குற்றம்

காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் மிதவை நகரத்தின் வாசலில் இருக்கும் சட்டத்தூணில் மணிக்கட்டை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பிறந்த நாட்டுப் போலீஸும் பிழைக்க வந்த நாட்டுப் போலீஸும் அந்த ஒரு நொடியில் ஆளைப் பற்றிப் பேசி முடித்துக்கொள்ளும். பச்சை எரிந்தால் வேலை. ததேயுவுக்கு அன்று மஞ்சள் எரிந்தது.

மஞ்சள் என்றால் சட்ட உதவி அறை. கடலே கொதிக்கும் அந்த ஊரில் கோட்டு போட்டுக்கொண்டு உட்காரக்கூடிய ஒரே அறை அது. உட்கார்ந்திருந்தவர் பத்மநாபன், அவனுடைய நாட்டின் தொடர்பு அதிகாரி.

"உக்காருப்பா. உங்க அண்ணன் விஷயத்துல பதில் வந்திருக்கு."

அண்ணன் மிக்கேல் இங்கே குளிரூட்டும் தொட்டிக்குள் செத்தவன். உள்ளே ஆள் இருக்கும்போதே மேற்பார்வையாளன் கதவைப் பூட்டிவிட்டுப் போனான். ஊரில் அண்ணன் மனைவி ரோஸ்லின் மைனி கொடுத்த புகார், பரஸ்பர சட்ட உதவி உடன்படிக்கையின்படி கடல் தாண்டி வந்து ஒரு வருஷம் தூங்கியது.

"அவனப் புடிச்சாச்சா சார்?"

"எப்படிப்பா புடிக்கிறது? ரெண்டு நாட்டுலயும் குத்தமா இருந்தாத்தான் ஒப்புநோக்கி ஏத்துக்கும். ஆள உள்ள வச்சுப் பூட்டுறது நம்ம ஊர்ல குத்தம். இங்க அதுக்குப் பேரு வருகை மேலாண்மை."

ஒப்புநோக்கி என்பது இரு நாட்டுச் சட்டங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் செயற்கை அறிவு. கல்யாண ஜோசியரைப் போல, செத்தவனுக்கும் பொருத்தம் பார்த்துத்தான் நகரும்.

"செத்தது ரெண்டு நாட்டுலயும் செத்ததுதான சார்?"

பத்மநாபன் ரசித்துச் சிரித்தார். "நல்லா பேசுற. ஆனா வேற ஒண்ணு பொருந்திடுச்சு."

திரையில், வெளியே பூட்டிக் கிடந்த தொட்டிக் கதவின் வீடியோ ஓடியது. ததேயு எடுத்ததுதான். பயம் தாங்காமல் மைனிக்கு எல்லாவற்றையும் குரல் செய்தியில் கொட்டி அனுப்பியபோது கூடவே அனுப்பியிருந்தான். புகார் பலமாக இருக்கட்டும் என்று அவள் அதையும் இணைத்துவிட்டாள்.

"அனுமதி இல்லாம தொழிற்கூடத்தப் படம் எடுக்குறது ரெண்டு நாட்டுலயும் குத்தம். நேத்து இந்த ஊர்ப் போலீஸ் உன்மேல கேஸ் போட நம்ம நாட்டு ஒப்புதல் கேட்டாங்க. டீ ஆறுறதுக்குள்ள நம்ம ஆளுங்க அனுப்பி வச்சுட்டாங்க. ஏழு வருஷம் உள்ள இருக்கணும்."

"கொன்னவனுக்கு ஒண்ணுமில்ல. காட்டுனவனுக்கு ஏழு வருஷமா?"

"கோவப்படாத. புகார வாபஸ் வாங்கினா இணைப்பும் சேந்து அழிஞ்சுடும். உங்க அண்ணி சொன்னாப் போதும்." கேட்காமலேயே அழைப்பைப் போட்டார்.

திரையில் மைனி வந்தாள். "ஏல ததேயு, அவன உள்ள தூக்கிப் போட்டாச்சால?"

வாபஸ் வாங்காதீங்க என்று சொல்லத்தான் ததேயு வாயைத் திறந்தான். ஏழு வருஷத்தை நினைத்து மூடிக்கொண்டான். பத்மநாபனே பொறுமையாக, பார்சல் வராததற்குச் சமாதானம் சொல்பவர்போல, எல்லாவற்றையும் விளக்கினார்.

மைனி பத்மநாபன் பக்கம் திரும்பினாள்.

"வாபஸ் வாங்கிக்கிடுதேன் சார். ஒரு ஆளக் குடுத்தது போதும்." பிறகு அவனிடம், "நீ ஒண்ணும் சொல்லாண்டாம்ல. சாப்பிட்டியா?"

தலையை ஆட்டினான். சாப்பிட்டிருக்கவில்லை.

'இரு நாட்டு ஒத்துழைப்பால் சுமுகத் தீர்வு' என்று பத்மநாபன் பதிவு செய்தார். எழுந்து கையை நீட்டினார். காறித் துப்ப வேண்டிய அந்தக் கையை ததேயு குலுக்கினான். தேங்க்ஸ் சார் என்றான். தாமதமாகப் போனால் திட்டுவார்கள், சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றும் கேட்டான்.

அண்ணனை உள்ளே வைத்துப் பூட்டிய அதே சூப்பர்வைசரிடம்தான்.