கிள்ளிப்போன மூன்று கொழுந்து

மூன்று கொழுந்து... ஒன்றல்ல, இரண்டல்ல, முழுசாக மூன்று! கிள்ளிய இடத்தில் சாறுகூட இன்னும் காயவில்லை.

ஐந்தருவி ரோட்டில் இருந்த தன் நர்சரியின் பின்கட்டில், சாரலில் நனைந்தபடி நின்றாள் ஆஷிகா. அவ்வளவு குளிரிலும் உடம்பெல்லாம் எரிந்தது. இருக்காதா பின்னே? மழை விழுந்தாலே பூவைக் கொட்டிவிடும் காசித்தும்பையை, கொட்டுகிற மழையிலும் பூவோடு நிற்க வைக்க ஆறு வருஷம் பாடுபட்டிருக்கிறாள். மகரந்தம் தொட்டு வைப்பாள், விதைப்பாள், தேறாததைப் பிடுங்கி எறிவாள், மறுபடி விதைப்பாள்... அப்படி வந்த செடி இது!

போன ஜனவரியில் ஜெர்மனிக்கு விமானம் ஏறி, எஸ்ஸன் நகரத்துச் செடிக் கண்காட்சியில் நாலு நாள் கால் கடுக்க அலைந்தாள். புதுச் செடி வகைகளை உருவாக்குகிற பெரிய ஆட்களெல்லாம் ஒரே கூரையின் கீழ்! பதினோரு பேர் அவள் போனில் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள், டென்மார்க்கிலிருந்து வந்த இங்கர் என்ற நரைத்த தலை அம்மாள், படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அடுத்த ஜனவரி செடியோடு வா. உன் பெயரிலேயே பதிவு செய்து உலகத்துக்கே விற்போம். ஆனால் அதுவரை ஒரு இலைகூட உன் கையை விட்டுப் போகக் கூடாது. போனால் நம் பேச்சு முடிந்தது" என்றாள்.

இப்போது மூன்று கொழுந்தே போய்விட்டது. யார்?

யோசிக்கவே வேண்டாம். இன்று பின்கட்டுப் பக்கம் வந்தவன் ஒருத்தன்தான். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் தென்காசிக்காரன், ரிஃபாத். முந்தாநாள் ரோஜா கேட்டு வந்தான். நேற்று பிச்சிச் செடி. இன்று மங்குஸ்தான் கன்றாம், வீட்டுக்கே கொண்டுவந்து தரணுமாம், முகவரி வேறு எழுதிக் கொடுத்தான்! இமையில் மழைத்துளி நிற்க நிற்க ஒரு பார்வை... ச்சே, அந்தக் கண்ணைப் பார்த்து இவளும் ஒரு நிமிஷம் விலை சொல்ல மறந்து தொலைத்தாளே!

ஸ்கூட்டியை விரட்டினாள்.

கதவைத் திறந்த ரிஃபாத்தின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "வாங்க... மங்குஸ்தான் அதுக்குள்ளயா..."

"முழிக்காதீங்க. எங்க என் செடி?"

சத்தம் கேட்டு அவன் உம்மா ஹைருன் பீவி வந்தாள். விஷயம் தெரிந்ததும் சிரித்தாள். "இதுக்கா மவளே இம்புட்டு கோவம்? கேட்டு வாங்குன செடியவிட திருடி நட்ட செடிதான் தழைக்கும்னு தெரியாதா? ஒண்ண நான் வச்சேன். ஒண்ண பக்கத்து வீட்டு ஹுஸ்னாவுக்கு குடுத்தேன். ஒண்ண என் தங்கச்சி செங்கோட்டைக்கு கொண்டு போறா... இப்பந்தான் பஸ் ஏறுனா."

ஆஷிகாவுக்குத் தலை சுற்றியது. "மாமி, உங்க மவன் திருடன். என் ஆறு வருஷத்த மூணு கிள்ளுல முடிச்சிட்டாரு! ஒரு இலை வெளிய போனாலும் பேச்சு முடிஞ்சதுன்னு, இத வாங்கப்போற டென்மார்க் அம்மா சொல்லியிருக்காங்க."

பெற்றவள் முன்னால் திருடன் என்றால் யாருக்குத்தான் சுருக்கென்று தைக்காது? ரிஃபாத்தின் முகம் இருண்டது. வீட்டிலிருந்ததைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்தான். ஹுஸ்னா வீட்டு மதில் ஏறிக் குதித்து அடுத்ததையும் கொண்டுவந்தான். பிறகு பைக் சாவியை எடுத்தான்.

"வாங்க, பஸ்ஸ பிடிச்சிரலாம்."

முன்னால் அவன் பைக், பின்னால் அவள் ஸ்கூட்டி, முகத்தில் அறைகிற சாரல்... செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கிய உம்மாவின் தங்கச்சியுடைய கைப்பையிலிருந்து மூன்றாவது கொழுந்தும் மீண்டது.

"மூணும் வந்துட்டு. அந்த டென்மார்க் அம்மாவுக்கு தெரியவா போவுது? சொல்லாதீங்க" என்றான் ரிஃபாத்.

"சொல்லுவேன். பொய் சொல்லி என் பூவ விக்க மாட்டேன்."

நின்ற இடத்திலேயே போன் போட்டாள். நடந்ததை இங்கர் கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "எடுத்தவரே தன் கையால் எழுதட்டும். ஏன் எடுத்தார், எங்கெல்லாம் போனது... ஒரு பொய் இருந்தாலும் என்னை மறந்துவிடு."

ரிஃபாத் விறைத்தான். "திருடுனேன்னு நானே எழுதி கையெழுத்து போடணுமா?"

"கட்டாயம் இல்ல..." என்றாள். கெஞ்ச அவளுக்கு வராது. ஆனால் குரல் உடைந்துவிட்டது.

அந்த ஈரக் கண்களைப் பார்த்தானோ இல்லையோ, விறுவிறுவென்று டீக்கடைக்குள் போய்க் காகிதம் கேட்டான். 'உம்மாவுக்காகக் கிள்ளினேன்' என்று எழுதினான். நிறுத்தினான். கசக்கிப் போட்டான்.

"பொய் இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்கள்லா..." என்றபடி வேறொரு காகிதத்தில் எழுதி நீட்டினான்.

'நான் ரிஃபாத். ஆஷிகாவைக் கேட்காமல் மூன்று கொழுந்து கிள்ளினேன். எனக்கு ரோஜாவும் தெரியாது, பிச்சியும் தெரியாது. மூன்று நாள் போய் நின்றேன். அவள் செடியைப் பார்த்தாளே தவிர, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் அப்படிப் பார்க்கிற செடியில் கொஞ்சம் என் வீட்டிலும் இருக்கட்டும் என்று எடுத்தேன். உம்மா அதைப் பகிர்ந்து கொடுத்தார். மூன்றையும் மீட்டுவிட்டோம்.'

ஆஷிகாவின் காது மடல் சூடானது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காகிதத்தையே பார்த்தாள்.

"இதுல ஒரு பொய் இருக்கு" என்றாள்.

"சத்தியமா இல்லங்க!"

"நிமிர்ந்துகூடப் பாக்கலன்னு எழுதியிருக்கீங்க. பாத்தேன்... மூணு நாளும் பாத்தேன். அடிச்சிட்டு கையெழுத்து போடுங்க."

அவன் பேனா கை நழுவிப் பெஞ்சில் விழுந்தது. எடுத்து அந்த வரியை அடித்தான், கையெழுத்தைக் கோணலாகப் போட்டான். அவள் அதைப் படம் பிடித்து, ஆங்கிலத்தில் ஒரு வரி விடாமல் மாற்றி எழுதி அனுப்பினாள்.

இரண்டு டீ ஆறிப்போன பிறகு பதில் வந்தது. "நம்புகிறேன். ஜனவரியில் செடியோடு வா."

ஆஷிகா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். கூடவே சிரித்தாள். பிறகு முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் ஜெர்மனி போவேன். என் பூவ ஜெயிக்க வச்சிட்டுத்தான் மத்ததெல்லாம். அதுவரைக்கும் காத்திருப்பீங்களா? எனக்கு... உங்கள பிடிச்சிருக்கு."